வகுப்புக் குழுவில் நான் போட்ட செய்தி

நான் வகுப்பில் கதையைச் சுருக்கிச் சொல்கிறவள் அல்ல. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்க வைப்பேன். வருகைப் பதிவேட்டில் இருக்கும் வரிசைப்படி ஒருவர் எழுந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், அவர் உட்கார்ந்ததும் அடுத்த எண். தருமபுரி மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பதினேழு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன், இந்தப் பழக்கத்தை மாற்றியதே இல்லை. எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் கிடையாது. சுருக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனால் கைடு வாங்கிப் படித்ததற்கும் என்னிடம் படித்ததற்கும் என்ன வித்தியாசம் என்று மற்ற ஆசிரியர்களிடம் வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன்.

இன்னொரு பெருமையும் எனக்கு இருந்தது. என் வகுப்பில் பிள்ளைகள் அழுவார்கள். இரண்டாம் ஆண்டுப் புனைகதைத் தாளில் ஒரு சிறுகதை இருக்கிறது. வேறு சாதிப் பையனோடு போய்விட்ட பெண்ணை நயமாகப் பேசி வீட்டுக்குக் கூட்டி வந்து, வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதையை முடித்துவிடுகிறார்கள். ஊருக்கு வேறு காரணம் சொல்கிறார்கள். அத்தனையும் நடக்கும்போது பெண்ணின் தாய் அடுப்படியில் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் அந்தக் கதை முடியும்போது நாலைந்து பெண்களாவது துப்பட்டாவால் முகத்தைத் துடைப்பார்கள். அன்றைக்கு நான் ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்புகிற நடையே வேறாக இருக்கும். பாடம் உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். யாருக்கு எங்கே போய் இறங்கியது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி வைத்தார்கள். ஒரு பெருநகரப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தும் பேராசிரியை பேசினார். டிரிகர் வார்னிங் என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார். கொலையும் தற்கொலையும் பெண்களுக்கு நடக்கும் கொடுமைகளும் வருகிற பாடங்களை எடுப்பதற்கு முன்னால், இதில் இன்னது வருகிறது என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டுமாம். அப்படி ஒன்றை அனுபவித்தவர்கள் வகுப்பில் இருந்தால் மனசைத் தயார் செய்துகொண்டு வரட்டும் என்பது அவர் வாதம். நான் கேமராவை அணைத்துவிட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். வரலாற்றுத் துறையில் இருக்கும் என் தோழிக்கு, நம்ம பிள்ளைங்க தொங்கிக்கிட்டு வர்ற டவுன் பஸ்ஸுக்கே எச்சரிக்கை கிடையாது, கதைக்கு எச்சரிக்கையாம் என்று ஒரு செய்தி தட்டிவிட்டேன். அவள் சிரிக்கிற முகங்களாக வரிசையாக அனுப்பினாள். சுடாத இலக்கியம் எதற்கு என்பதுதான் அப்போது என் கட்சி. இன்றைக்கும் அதை முழுதாக விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது.

அந்த ஆகஸ்டில் கதையை ஆரம்பித்தேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவாள். கேட்டால் ஒழியப் பேச மாட்டாள், ஆனால் வாசிக்கச் சொன்னால் ஒரு எழுத்து தடுக்காது. அன்றைக்கு அவள் எண் வந்தபோது கதையில் கடைசிக்கு முந்திய பக்கம். துக்கம் கேட்க வந்தவர்களிடம் தகப்பன், பெண்ணுக்கு வயிற்று வலி என்று சொல்கிற இடம். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் இப்படிப் போய்ச்சேர்ந்தால் சொல்லப்படுகிற காரணம் அதுதான். ரொம்ப நாளாக இருந்த வயிற்று வலி, தாங்க முடியாமல் எதையோ குடித்துவிட்டாள் என்பார்கள். கேட்டவர்கள் தலையாட்டிக்கொள்வார்கள், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. இதையெல்லாம் வருடா வருடம் நானே வகுப்பில் விளக்கிச் சொல்லி வந்திருக்கிறேன்.

அவள் அந்த வரியில் நின்றுவிட்டாள். வரியைத் தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அந்தக் கதை மனப்பாடம். புத்தகத்தைப் பார்க்காமலேயே அந்த வாக்கியத்தை எடுத்துக் கொடுத்து, படிம்மா என்றேன். அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். தொடர்ந்து வாசித்தாள். பக்கம் முடிந்ததும் அடுத்த எண் எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. நான் கவனித்து அதட்டுவதற்குள் அவளே அடுத்த பக்கத்தைத் திருப்பி, கதையைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. நன்றாகப் படித்தாய், இன்னும் கொஞ்சம் உணர்ச்சி வேண்டும் என்றேன்.

அன்றைக்கு யாரும் அழவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மத்தியானம் அதே வகுப்பிலிருந்து இன்னொரு பெண் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, அவளோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். மற்ற மேடம்கள் சாப்பிட்டுக் கை கழுவப் போகிற வரைக்கும் வாசலிலேயே நின்றிருந்தாள். பிறகு உள்ளே வந்து, என்னிடம் குனிந்து சொன்னாள்.

"அவங்க அக்காவுக்கும் அப்பிடித்தாங்க மேடம். ரெண்டு வருசம் ஆச்சி. எங்களுக்கெல்லாம் தெரியுங்க. உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."

சொல்லிவிட்டு, தான் சொன்னதாக யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். தெரிந்தால் தன் வீட்டுக்கே ஆள் வந்துவிடும் என்றாள். சத்தியம் மாதிரி அவள் கையைப் பிடித்துச் சரி என்றேன். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான் ஒருத்தி உணர்ச்சி போதவில்லை என்று திருத்தம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை நான் திறக்கவில்லை.

மறுநாள் நூலகத்துக்குப் பின்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். எனக்குத் தெரியாதும்மா என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவள் அக்காவைப் பற்றி நான் கேட்கவும் இல்லை, அவளாகச் சொல்லவும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த தேர்வு அறிவிப்பின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பேசினாள்.

"முன்னாலியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்" என்றாள். "வராம இருக்கறதுக்கு இல்லீங்க. வூட்ல யாரும் இல்லாதப்ப நானே ஒருக்கா படிச்சிப் பாத்துட்டு வந்திருப்பேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நான் கிண்டல் செய்த பேராசிரியை ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியதை இவள் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். கதையை எடுக்காதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. தனியாக ஒருமுறை, யார் கண்ணும் படாமல் அதைச் சந்தித்துவிட்டு வர அவளுக்கு நேரம் வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இனி ஒரு பிள்ளைக்கும் இப்படி நடக்காது என்று மனசுக்குள் பெரிதாக ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டேன். என் தீர்மானங்கள் எல்லாமே கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும்.

அதே தாளில் அடுத்த அலகு ஒரு நாவல் பகுதி. அதிலும் ஒரு பெண் சாகிறாள், அதிலும் குடும்பமே மறைக்கிறது. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கு இதைவிட்டால் வேறு கதையே அகப்படாது போல. அடுத்த திங்கட்கிழமை ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி எழுதினேன். மூன்று முறை அடித்துத் திருத்தினேன். அடுத்த பாடத்தில் பெற்ற மகளைக் குடும்பத்தாரே கொன்றுவிட்டு மறைப்பது வருகிறது, எல்லோரும் முன்னதாக வீட்டில் ஒருமுறை படித்துவிடுங்கள், வகுப்பில் வாசிக்க முடியாதவர்கள் என்னிடம் தனியே சொல்லலாம் என்று எழுதினேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படித்துப் பார்த்தபோது சுற்றறிக்கை மாதிரி வறண்டு இருந்தது. ஈரம் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். "நம் வகுப்பிலேயே இத்தகைய இழப்பைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவேன், அவர்களோடு நான் இருக்கிறேன்." அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அனுப்பிவிட்டு, வீட்டுக்காரரிடம்கூடப் படித்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் எண்ணிலிருந்து 'ஓகே மேடம்' என்று வந்தது. மனசு நிறைந்துவிட்டது.

எங்கள் கல்லூரியில் சேர்க்கை நாளன்று வகுப்பாசிரியர்கள் நாங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் செல்போன் எண் கேட்டு எழுதிக்கொள்வோம். பையன்கள் தங்கள் எண்ணைச் சொல்வார்கள். பெண்களில் பெரும்பாலோர் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பார்கள். அப்பாவோ அண்ணனோ மாமாவோ தன் எண்ணைச் சொல்வார். கையில் போன் இருக்கிற பெண்கூடக் குழுவுக்கு அந்த எண்ணைத்தான் கொடுப்பாள், இல்லாவிட்டால் படிக்க அனுப்ப மாட்டார்கள். வகுப்புக் குழு என்று நாங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் இருப்பவர்கள் அப்பன்களும் அண்ணன்களும்தான். தேர்வு அட்டவணை போட்டால் யாரோ ஒரு தகப்பனார் 'சரிங்க அம்மா' என்று பதில் போடுவார், ஸ்டாஃப் ரூமில் அதைக் காட்டிச் சிரிப்போம். எனக்கு இதெல்லாம் தெரியும். அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை என் கையால்தான் எழுதினேன், பக்கத்திலேயே அடைப்புக்குள் அண்ணன் என்றும் குறித்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அது எனக்கு ஞாபகமே வரவில்லை. அத்தனை கவனம் வாக்கியத்தில் இருந்தது.

அவள் திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. பஸ்ஸில் கூட வருகிற பெண்ணைக் கேட்டேன், ஏறவில்லை மேடம் என்றாள். அப்போதுதான் பதிவேட்டின் பின்பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன். குழுவில் போட்டதை அழிக்கப் பார்த்தேன், நாலு நாள் கழித்து எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க முடியாது என்று போன் சொன்னது. என் திரையில் மட்டும்தான் அழிந்தது.

வியாழக்கிழமை அவள் அண்ணன் வந்தான். கூட வயதான ஒருவர், பெரியப்பா என்றார்கள். அவளும் வந்திருந்தாள், வராந்தாவில் தூணை ஒட்டி நிற்க வைத்திருந்தார்கள். அண்ணனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து வணக்கம் சொன்னான். உட்காரச் சொன்னேன், பரவால்லீங்க மேடம் என்று நின்றுகொண்டான். டி.சி. வேண்டும் என்றான். காரணம் கேட்டேன். அவன் போனை எடுத்து, என் செய்தியை எனக்கே வாசித்துக் காட்டினான். நிறுத்தி நிதானமாக, வகுப்பில் வாசிக்கிற மாதிரி வாசித்தான். கடைசி வரிக்கு வந்ததும் தலையை நிமிர்த்தினான்.

"இருக்கிறார்கள்னு போட்டிருக்கீங்க. யாருங்க மேடம் அது?"

பொதுவாக எழுதியது என்றேன். ஒவ்வொரு வருடமும் எல்லா வகுப்புக்கும் போடுகிற செய்திதான் என்று பொய் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

"எங்க வூட்ல பெரிய பாப்பா வயித்து வலில போயிடுச்சிங்க. அத ஊரே பாத்தது. சின்ன பாப்பா உங்ககிட்ட என்னா சொல்லிச்சின்னு மட்டும் சொல்லுங்க, நாங்க போயிடறோம்."

அவள் ஒன்றுமே சொல்லவில்லை என்பது உண்மை. அப்படியானால் உங்களுக்கு யார் சொன்னது என்பது அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் ஒரு பெயர் இருந்தது, சரி என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்த பெயர். அதைச் சொன்னால் தூணோரம் நிற்கிறவள் தப்பிப்பாள், இன்னொரு வீட்டு வாசலில் இவர்கள் போய் நிற்பார்கள். அவள் சொல்லவில்லை, அவள் சொல்லவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். யார் சொன்னார்கள் என்று சொல்லாமல் அதை எத்தனை தடவை சொன்னாலும் என்ன பிரயோசனம். பெரியப்பா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, போலாம்ப்பா என்றார்.

முதல்வரிடம் ஓடினேன். எழுதிக் கேட்டால் டி.சி. தராமல் இருக்க முடியாது என்றார். பெண்ணுக்கு வயது பத்தொன்பது, அவள் சம்மதத்தைக் கேட்போம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவளை உள்ளே கூப்பிட்டார். அண்ணனும் கூடவே வந்தான். வெளியே போகச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, முதல்வரும் சொல்லவில்லை. விருப்பந்தாங்க சார் என்றாள். கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் என்ன எழுதினேன் என்று அவளுக்குக் காட்டியிருப்பார்களா, அதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பாள் என்று அதன் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

போலீசுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். எரித்தாகிவிட்டது, புகார் இல்லை, இரண்டு வருடம் கடந்துவிட்டது என்றார். சாட்சி சொல்ல யார் வருவார் என்று கேட்டார். சாட்சி என்று ஒருத்தி இருந்தால் அவள் அந்த வீட்டுக்குள்தான் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். பயந்துதான் வந்தேன், அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி. நாங்கள் கத்தோலிக்கர்கள், ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற குடும்பம். ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டேன். இதை எந்தக் கட்டளைக்குக் கீழே சொல்வது என்று தெரியாமல், கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று வழக்கமான இரண்டைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகப் பஸ்ஸில் கூட வந்த பெண் சொன்னாள். ஓசூருக்கும் அப்பால், கர்நாடக எல்லைக்குள் எங்கோ கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் தக்காளி மண்டியில் வேலையாம். நல்ல இடம்தான் மேடம் என்று என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். உயிரோடு இருக்கிறாள் என்பதில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று நானும் நினைக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

இந்த வருடம் புது வகுப்பு. அதே தாள், அதே கதை. எச்சரிக்கையை நான் விடவில்லை, விட மாட்டேன். அவள் கேட்டது நியாயமான விஷயம், அதைக் கெடுத்தது நான். இப்போது போனில் எதையும் எழுதுவதில்லை. செமஸ்டரின் முதல் நாளிலேயே எல்லாக் கதைகளிலும் யார் சாகிறார்கள், யார் அடிபடுகிறார்கள் என்று கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு ஒப்பித்துவிடுகிறேன். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வாசிக்கிற முறையையும் மாற்றிவிட்டேன், வருகிறவர் வந்து வாசிக்கலாம், யாரும் வராவிட்டால் நானே வாசிப்பேன். பெரும்பாலும் நானேதான் வாசிக்கிறேன். அழுகிறார்களா என்றும் பார்ப்பதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய புது எண்ணைக் கூட வந்த பெண் வாங்கிக் கொடுத்திருந்தாள். நாலு தடவை கூப்பிட்டேன். இரண்டு முறை ஒரு ஆண் எடுத்து, யாரு என்று கன்னடத்தில் கேட்டான். ஒரு முறை மாமியார் போலிருந்தது. காலேஜ் டீச்சர், சும்மா விசாரிக்கலாம் என்று கூப்பிட்டேன் என்றேன். வெளியே போயிருக்கிறாள் என்றார்கள். தொலைதூரக் கல்வியில் சேர்ந்து மீதியை முடிக்கலாம், விண்ணப்பம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்ல நினைத்திருந்தேன். அதற்குத் தனியாக இன்னொரு அழகான வாக்கியம்கூட வைத்திருந்தேன்.

போன மாதம் நாலாவது தடவை கூப்பிட்டபோது அவளே எடுத்தாள். மேடம் என்றாள். எப்படிம்மா இருக்கே என்றேன். நல்லா இருக்கேங்க என்றாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் படிப்பைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டாள். வகுப்பில் இருந்த ஒன்றேகால் வருடத்தில் என்னை ஒருமுறைகூட அவள் குறுக்கிட்டதில்லை.

"இனிமே கூப்புடாதீங்க மேடம். நீங்க கூப்புட்டா அன்னிக்கி பூரா என்னைய கேக்கறாங்க, உனக்கும் அந்தம்மாவுக்கும் என்னா பேச்சின்னு. நெம்பர அழிச்சிடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வருகிறது தள்ளி நில்லுங்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்வோமே, அப்படித்தான் சொன்னாள். சரிம்மா என்றேன். வைத்துவிட்டாள். அவள் எண்ணை எடுத்து, அவள் சொன்னபடியே அழித்தேன்.